சரிபார்த்தவர்

அத்திப்பட்டு, அம்பத்தூர்
29.6.2025

அன்புள்ள அக்காவுக்கு சுவேதா எழுதுவது. அம்மா, அப்பா, நான் மூவரும் சுகம். ராசிபுரம் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா, தலைமுடி கொட்டுகிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

மாதத்தில் ஒரு நாள், மூன்று நிமிஷம் போன். அந்த மூன்று நிமிஷத்தையும் "சாப்ட்டியா, தூங்கினியா" என்று கேட்டே அம்மா தீர்த்துவிடுகிறாள். என் முறை வருவதற்குள் வைத்துவிடச் சொல்கிறார்கள். உங்கள் கோச்சிங் விடுதியில் செல்போனுக்குத் தடை போட்டவர் நன்றாக இருக்கட்டும். அவர் புண்ணியத்தில் நான் எட்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்துக் கடிதம் எழுதக் கற்றுக்கொண்டேன்.

விஷயம் இதுதான். பரண் மேல் உன் சிவப்பு இழுவண்டி கிடைத்தது. உனக்கு மூன்று வயதில் அப்பா கம்பெனித் தகட்டில் செய்து கொடுத்தாரே, அது. பிறகு தண்ணீர் லாரி வரும்போதெல்லாம் அம்மா குடம் வைத்து இழுத்தாளே, அதே வண்டி. இரண்டு சக்கரம் இல்லை, கைப்பிடி ஆடுகிறது, ஆனால் தகடு கல்லு மாதிரி இருக்கிறது. நான் இதை உட்கார்ந்து ஓட்டுகிற கோ-கார்ட் ஆக்கப் போகிறேன். என்ஜின் வேண்டாம். மேட்டில் வைத்து விட்டால் சர்ரென்று இறங்க வேண்டும். இரண்டு நாளாக எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

அப்பாவுக்குத் தெரியக் கூடாது. பிரஸ் மிஷின் அவருடைய இரண்டு விரலை எடுத்துக்கொண்ட நாளிலிருந்து, வீட்டில் யார் ஸ்குரூ டிரைவரைத் தொட்டாலும் முகம் மாறிவிடுகிறது. நீ இன்ஜினீயரிங் விண்ணப்பம் போடக் கேட்ட அன்று, "இந்த ஊட்ல மிஷின்கிட்ட போனவன் நான் ஒருத்தன் போதும். டாக்டருக்குப் படி" என்று சொன்ன மனிதர். உன்னை ஆவடி ஸ்டேஷனில் ரயிலேற்றிவிடக்கூட வராதவர். வண்டி விஷயம் தெரிந்தால் என்ன ஆகும் என்று நீயே நினைத்துக்கொள்.

ஒரே கேள்வி. வண்டியைத் திருப்புவது எப்படி? உடனே பதில் போடு.

உன் தங்கை
சுவேதா


பெண்கள் விடுதி, ராசிபுரம்
8.7.2025

என் தங்கச் சுவேதாவுக்கு,

நான் நலம். முடி கொட்டுகிறது, கொட்டவில்லை என்று அம்மாவிடம் சொல்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். எனக்கு முன்பே வார்டன் வசந்தா மேடம் ஒருமுறை படித்துவிட்டார். இங்கே வருகிற, போகிற எல்லாக் கடிதமும் அவர் கண்ணில் பட்டாக வேண்டும். படிப்பு சம்பந்தமாக மட்டும் எழுத வேண்டும் என்பது சட்டம். ஆகவே, மேடம், இது இயற்பியல்.

முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரு கட்டையில் மாட்டு. கட்டையின் நடுவில் ஒரே ஒரு போல்ட், 12 மில்லிமீட்டர். கட்டை அதில் சுழல வேண்டும், ஆடக் கூடாது. கட்டையின் இரண்டு முனையிலும் கயிறு கட்டி, இரண்டையும் கையில் பிடித்துக்கொள். இடது கயிற்றை இழுத்தால் இடது பக்கம் திரும்பும். பழைய சக்கரத்தைத் தூக்கிப் போடு. குழந்தை சைக்கிள் சக்கரம், பன்னிரண்டு அங்குலம், கஜபதி அண்ணன் காயலான் கடையில் கட்டாயம் இருக்கும். சக்கரம் பெரிதாக இருந்தால் குழியில் மாட்டாது. உட்காரும் இடம் தாழ்வாக இருக்கட்டும்.

படம் போட்டு வைத்திருக்கிறேன். அடியில் ஒரு கட்டமும் போட்டிருக்கிறேன், பார். அப்பா கொண்டுவருகிற கம்பெனி டிராயிங் தாள்களின் பின்பக்கத்தில்தானே நாம் கணக்குப் போட்டுப் பழகினோம். அதில் இருக்குமே, அதே கட்டம். வரைந்தவர்: யுவராணி. சரிபார்த்தவர் என்ற இடத்தில் நீ கையெழுத்துப் போட்டுக்கொள்.

அடுத்த கடிதத்தில் சக்கரத்தின் விட்டத்தை அளந்து எழுது. மறந்தால் பேச மாட்டேன்.

அன்புடன்
அக்கா


அத்திப்பட்டு
20.7.2025

அன்புள்ள அக்கா, வீட்டில் எல்லோரும் சௌக்கியம். வசந்தா மேடத்துக்கும் என் வணக்கம்.

சக்கரம் கிடைத்துவிட்டது. நான்கு. கஜபதி அண்ணன், "இன்னா பாப்பா, நாலு சக்கரம் வாங்கிகினு போற, பஸ் வுடப் போறியா" என்று கேட்டார். ஆமாம், நீங்கதான் கண்டக்டர் என்றேன். சிரித்துக்கொண்டே ஒரு சைக்கிள் ப்ரேக் கட்டையையும் சேர்த்துப் போட்டார். விட்டம் சரியாகப் பன்னிரண்டு அங்குலம், மூன்று முறை அளந்தேன்.

எனக்கு ஒரு கூட்டாளி சேர்ந்திருக்கிறான். எதிரே புது ஃப்ளாட்ஸ் வந்ததே, அதில் மூன்றாவது மாடி பிரசன்னா. கோயம்புத்தூர்க்காரன், அவன் அப்பா கம்ப்யூட்டர் கம்பெனி. அவர்கள் பார்க்கிங்கில்தான் வண்டி இருக்கிறது, தார்ப்பாய் போட்டு மூடி. அவனிடம் ஸ்கேட்டிங் ஹெல்மெட் இருக்கிறது. அது ஒன்றுக்காகவே அவனைச் சேர்க்கலாம்.

பெரிய சிக்கல் வேறு. நம் ஏரியா முழுக்கத் தோசைக்கல் மாதிரி சமம், மேடே கிடையாது. நானும் பிரசன்னாவும் ஒரு வாரம் மேடு தேடி அலைந்தோம். மேம்பாலம் ஆபத்து. ஃப்ளாட்ஸ் பேஸ்மென்ட் சரிவில் இறங்கினால் யாருடைய காரிலாவது போய் முட்டும். கடைசியில் ஏரிக்கரை மேல் நடைபாதைக்கு ஏற சிமென்ட்டில் சரிவு போட்டிருக்கிறார்களே, அது கண்ணில் பட்டது. நீளம் என் காலடியில் எழுபத்தொன்று. கீழே மண்தரை. காலையில் வாக்கிங் போகிறவர்கள் போனபிறகு ஒரு ஈ காக்கா இருக்காது.

கட்டத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. அளக்கத் தெரியாதவர்கள் அங்கே கையெழுத்துப் போடக் கூடாது. அப்பா வேலையே அதுதானே. விரல் போனபிறகு கம்பெனியில் அவரை இன்ஸ்பெக்ஷனுக்கு மாற்றி, எல்லாவற்றையும் அளந்து பார்த்து அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போடத்தானே வைத்திருக்கிறார்கள். காலியாகவே இருக்கட்டும்.

உன் டெஸ்ட் மார்க் எவ்வளவு? அம்மா கேட்கிறாள்.

சுவேதா


ராசிபுரம்
2.8.2025

சுவேதாக் குட்டிக்கு,

நலமே. எழுபத்தொரு அடி என்று படித்தவுடன் எனக்கு உட்கார முடியவில்லை. மெஸ்ஸில் கணக்குப் போட்டேன். சாம்பார் ஆறிப்போயிற்று. அந்தச் சரிவில் நீ இறங்கினால் அடியில் சைக்கிளை வேகமாக மிதிக்கிற அளவுக்கு வேகம் வரும். ஆகவே இனி விளையாட்டு இல்லை, நான் சொல்வதை அப்படியே செய்.

ஒன்று, முன்கட்டை அளவுக்கு மேல் திரும்பினால் வண்டி கவிழும். போல்ட்டின் இரண்டு பக்கமும் தடைக்கட்டை வை. இருபத்தைந்து டிகிரிக்கு மேல் திரும்பக் கூடாது. படத்தைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன், பழையதைக் கிழித்துவிடு. இரண்டு, ப்ரேக். கஜபதி அண்ணன் கொடுத்த கட்டையை ஒரு நீளக் கம்பியில் பொருத்து, இழுத்தால் பின்சக்கரத்தில் தேய வேண்டும். மூன்று, ஹெல்மெட் உனக்கு, பிரசன்னாவுக்கு இல்லை.

வசந்தா மேடம் நேற்று என்னைக் கூப்பிட்டு, "இருபத்தஞ்சு டிகிரின்னா எவ்வளவு திரும்பும்?" என்று கேட்டார். ஸ்கேலைச் சாய்த்துக் காட்டினேன். தலையாட்டிவிட்டுக் கடிதத்தை ஒட்டிக் கொடுத்தார்.

அன்புடன்
அக்கா


அத்திப்பட்டு
24.8.2025

அன்புள்ள அக்கா, நீ நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே என் நிலைமை கொஞ்சம் கலக்கம்.

அப்பா கண்டுபிடித்துவிட்டார். செவ்வாய்க்கிழமை என் பையில் பேனா தேடியவர் கையில் உன் படம் வந்துவிட்டது. அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, படத்தைத் தரையில் விரித்து, குனிந்து பார்த்தார். பார்த்தார், பார்த்தார், அம்மா இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. பிறகு "யார் போட்டது இது?" என்றார். நான்தான் என்றேன். அவர் விரல் நேராகப் போய் அந்தக் கட்டத்தில் நின்றது. வரைந்தவர்: யுவராணி. படத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் சமையலறை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், தினத்தாளில் சுற்றி ஒரு பொட்டலம். பிரித்தால் பளபளவென்று 12 மில்லிமீட்டர் போல்ட், நட்டு, இரண்டு வாஷர். அம்மாவைக் கேட்டேன். "எனக்கு இன்னாடி தெரியும், உங்கப்பாவ கேளு" என்றாள். கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவரும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மார்க் எவ்வளவு என்று போன முறையும் கேட்டேன். பதில் காணோம்.

சுவேதா


ராசிபுரம்
5.9.2025

சுவேதாவுக்கு,

நலம். போல்ட் எவ்வளவு நீளம்? மரை முழுக்க இருக்கிறதா, பாதி வரைக்கும்தானா? நட்டு உள்ளே நைலான் வளையம் போட்டதா? அப்படியென்றால் எவ்வளவு ஆடினாலும் கழலாது. நான் படத்தில் அதை எழுத மறந்துவிட்டேன்.

அவர் என்னைப் பற்றி வேறு ஏதாவது கேட்டாரா?

அக்கா


அத்திப்பட்டு
21.9.2025

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம், சுகம், சுகம். வண்டி ஓடிவிட்டது.

போல்ட் நீளம் நூறு. மரை பாதிதான். நைலான் வளையம் உண்டு. அப்பா ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் போன வாரம் அதே அலமாரியில் ஒரு டப்பா கிரீஸ் இருந்தது.

காலை எட்டு மணிக்குச் சரிவின் உச்சியில் உட்கார்ந்தேன். பிரசன்னா விட்டான். முதலில் மெதுவாகத்தான் போயிற்று, ஐயோ இவ்வளவுதானா என்று நினைப்பதற்குள் காது இரண்டிலும் காற்று அடித்தது. ஜடை பின்னால் பறந்தது. ஏரித் தண்ணீர் ஒரு பக்கம் ஓடியது, வேலிக் கம்பி ஒரு பக்கம் ஓடியது. நான் கத்தினேன் என்று பிரசன்னா சொல்கிறான், எனக்குத் தெரியாது. அடியில் வந்து இடது கயிற்றை இழுத்தேன். சொன்ன பேச்சுக் கேட்டு இடது பக்கம் திரும்பி மண்ணில் நின்றது. அக்கா, நீ அங்கே தாளில் கோடு போட்டாய், இங்கே வண்டி திரும்புகிறது. அன்றைக்கு மட்டும் பதினான்கு முறை இறங்கினேன்.

ஆயுத பூஜைக்கு வண்டிக்கு முறைப்படி பூஜை. மஞ்சள், குங்குமம், மாலை, நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். பிறகுதான் அதிகாரபூர்வமான முதல் ஓட்டம். ஒன்றாம் தேதி, புதன்கிழமை. நீ வந்தே ஆக வேண்டும். உன் வண்டி இது.

சுவேதா


ராசிபுரம்
26.9.2025

சுவேதாவுக்கு,

படித்துவிட்டு மொட்டை மாடியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். இங்கே பூஜைக்கு லீவு இல்லை, அதனால் வர முடியாது. ஓட்டுவதற்கு முன் நட்டை ஒருமுறை முறுக்கிப் பார். எனக்காக ஒரு முறை கூடுதலாக இறங்கு.

அக்கா


ராசிபுரம்
19.10.2025

சுவேதா,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இன்று போனில் அம்மா வாய்தவறிச் சொல்லிவிட்டாள், உனக்கு வலது கையில் மாவுக்கட்டு என்று. எப்படி என்று கேட்பதற்குள் மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது.

எப்படி என்று எனக்குத் தெரியும். இருபத்தைந்து டிகிரி அதிகம். பதினைந்து என்று போட்டிருக்க வேண்டும். அந்த வேகத்தில் இருபத்தைந்து திருப்பினால் கவிழாமல் என்ன செய்யும்? பார்த்துப் பார்த்துக் கணக்குப் போட்டேன் என்று பெருமைப்பட்டேன். உன் கையை உடைத்துவிட்டேன்.

நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே, மார்க். எழுநூற்று இருபதுக்கு இருநூற்றுத் தொண்ணூறு. என் உயிரியல் நோட்டின் பின்பக்கம் முழுக்க வண்டிதான், பதினோரு படம். இன்று எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன். அப்பா சொன்னது சரி. மிஷின் பக்கம் நான் போகக் கூடாது. இனி ஒழுங்காக டாக்டருக்கே படிக்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிடு. வண்டியைக் காயலான் கடையில் போட்டுவிடுங்கள்.

வலிக்கிறதா?

யுவராணி


அத்திப்பட்டு
27.10.2025

அன்புள்ள அக்கா,

இடது கையால் எழுதுகிறேன், கோழிக் கிறுக்கலை மன்னி. வலி இல்லை. மணிக்கட்டு எலும்பில் மெல்லிய கீறல், அவ்வளவுதான். உனக்குச் சொல்லக் கூடாது என்று அம்மா உத்தரவு.

உன் கடிதத்தை அம்மா சத்தமாகப் படித்தாள். அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து டிகிரி காரணம் இல்லை, அக்கா. காரணம் வேறு. அதை நான் சொல்லக் கூடாதாம், அவரே எழுதுகிறாராம். இரண்டு நாளாகத் தாள் வாங்கி வைத்திருக்கிறார், இன்னும் ஒரு வரி எழுதவில்லை.

சுவேதா


அத்திப்பட்டு
3.11.2025

அன்பு மகள் யுவராணிக்கு அப்பா அழகேசன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் அம்மாவும் நலம். சுவேதாவுக்குப் பதினைந்தாம் தேதி கட்டுப் பிரிப்பார்கள். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பூஜை அன்று கம்பெனியில் பொரிகடலை கொடுத்து பதினோரு மணிக்கே விட்டார்கள். ஏரிக்கரைக்கு வரும்படி என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போனேன். போகும்போது ஒரு பூசணிக்காய் வாங்கிக்கொண்டேன். சுவேதா என்னைப் பார்த்ததும் வண்டியை மறைத்துக்கொண்டு நின்றாள். பயப்படாதே என்று சொல்லி, பூசணிக்காயில் குங்குமம் தடவி, கற்பூரம் ஏற்றி, வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி, சரிவின் தலைப்பில் ஓங்கி உடைத்தேன். நல்ல பழம், கூழாகச் சிதறியது. நான் ஓரமாகத் தள்ளியிருக்க வேண்டும். சாமி கும்பிடுகிற சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை. வண்டிக்கு அவ்வளவு எடை இல்லை. நின்ற இடத்தில் நின்றது. அந்தப் பையன் பிரசன்னா பின்னாலிருந்து பலமாகத் தள்ளினான். வண்டி பழத்தைத் தாண்டிக் குதித்து, நேராகப் பூசணிக்காய்ச் சதையின் மேல் போய், வழுக்கிப் பக்கவாட்டில் கம்பியில் மோதியது. ரோட்டில் பூசணிக்காய் உடைக்காதீர்கள், வண்டி வழுக்கும் என்று வருஷா வருஷம் எங்கள் கம்பெனி கேட்டில் நோட்டீஸ் ஒட்டுகிறவன் நான்தான். என் பிள்ளையின் கையை உடைத்தது உன் கணக்கு இல்லை, நான்.

இதை அன்றைக்கே உனக்கு எழுதாதது என் தப்பு. வெட்கமாக இருந்தது. நீ அதை உன் தலையில் போட்டுக்கொண்டாய் என்று கேட்டபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை வண்டியைக் கம்பெனிக்கு எடுத்துப் போய் இன்ஸ்பெக்ஷன் மேஜையில் ஏற்றினேன். மூன்று பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். போல்ட் ஓட்டை 12.2, படத்தில் உள்ளபடி. தடைக்கட்டை இரண்டு பக்கமும் இருபத்தைந்து டிகிரி, உடையவில்லை, நகரவில்லை. பின் அச்சு வளைவு இல்லை. ஒரே ஒரு குறை, ப்ரேக் கம்பி மெலிசு, அதை நான் மாற்றிக்கொள்ளலாம். பதினைந்து டிகிரி வைத்திருந்தால் அடியில் திரும்ப இடம் போதாமல் வேலியில் போய் முட்டியிருக்கும். நீ போட்ட இருபத்தைந்துதான் சரி.

அளந்தது போதாது, ஓட்டிப் பார்க்க வேண்டும். நேற்று ஏரிக்கரையில் நானே உட்கார்ந்து இறங்கினேன். என் எடை அறுபத்தெட்டு. மூன்று முறை இறங்கினேன். முதல் முறை டெஸ்ட்டு, மத்த ரெண்டு முறை எதுக்கு என்று உன் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

இருபத்தாறு வருஷமாக மிஷினோடு இருக்கிறேன். என் விரல் போனது மிஷினால் என்று உங்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் கை உள்ளே போகாமல் தடுக்கிற கார்டு கழற்றியிருந்தது, அவசரத்தில் நான் உள்ளே கை விட்டேன். மிஷின்மேல் பழி போட்டு உன்னையும் அதனிடம் போகாதே என்றேன். நீயோ தடைக்கட்டை வைத்த பிறகுதான் வண்டியை விடச் சொல்கிறாய். உன்னைப் போல் ஒரு ஆள் அன்று எங்கள் கம்பெனியில் இருந்திருக்கலாம்.

பூஜைக்கு உங்கள் விடுதியில் லீவு உண்டு என்று வார்டன் அம்மா பேச்சுவாக்கில் உன் அம்மாவிடம் சொன்னார்கள். நீ ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். மே மாதம் விண்ணப்பம் வரும். எதற்குப் போடுகிறாய் என்பது உன் இஷ்டம். நான் கையெழுத்துப் போடுகிறேன்.

உன் டிராயிங்கை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நகல் எடுத்துக்கொண்டேன், மூலம் உன்னிடம் இருக்கட்டும். கீழே கட்டத்தைப் பார்.

இப்படிக்கு
அப்பா


ராசிபுரம்
10.11.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். மிகவும் நலம்.

கட்டத்தைப் பார்த்தேன். வரைந்தவர்: யுவராணி. சரிபார்த்தவர்: க. அழகேசன், 2.11.2025. நீங்கள் கம்பெனித் தாளில் போடுகிற அதே கையெழுத்து, கடைசியில் அந்தச் சுழி. சின்ன வயதில் அதைப் பார்த்து எழுதிப் பழகியிருக்கிறேன். தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வகுப்புக்குக்கூடப் போகாமல் அழுதேன், அப்பா. பூஜைக்கு லீவு இல்லை என்று எழுதியது பொய். வந்து நின்று நீங்கள் பேசாமல் போய்விட்டால் தாங்க மாட்டேன் என்று பயந்தேன்.

வசந்தா மேடம் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ப்ரேக் கம்பி மெலிசுங்கறாரே உங்கப்பா, என்ன பண்ணப் போறே?" என்றார். அதனால் இன்றைக்கே படம் போட்டுவிட்டேன். எட்டு மில்லிமீட்டர் கம்பி, இரண்டு சக்கரத்துக்கும் ஒரே இழுப்பில் ப்ரேக். அம்மா உட்கார்ந்தாலும் நிற்கும்.

இந்தப் படத்தைத் தபாலில் அனுப்பவில்லை. டிசம்பர் 24 காலை, லீவுக்கு ஆவடி ஸ்டேஷனில் இறங்குகிறேன். நீங்கள் வர வேண்டும். கட்டம் காலியாக இருக்கிறது, பேனா கொண்டு வாருங்கள்.

உங்கள் மகள்
யுவராணி